அடைக்கலப் பொருள்

பிறர் நம்பி நம்மிடம் விட்டுச்சென்ற பொருளை அடைக்கலப் பொருள் என்பது தமிழ் வழக்கு. அது நம் கையில் இருக்கும். ஆயினும் நம்முடையது அன்று. அதை விற்கவோ, உருக்கவோ, விரும்பியவர்க்கு வழங்கவோ நமக்கு உரிமை இல்லை. ஆனால் அது கெட்டுப்போனால் பழி நம்மைச் சாரும். உரிமை சிறிதும் இன்றிப் பொறுப்பு முழுவதையும் ஏற்கும் இந்த நிலையைத் தமிழர் எவ்வளவு பெரிதாக எண்ணினர் என்பதற்குச் சிலப்பதிகாரம் ஒன்றே சான்று. மதுரைக் காண்டத்தில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். அதில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் ஒப்படைக்கிறார். பின்னர் நேர்ந்த கேட்டில் மாதரியின் குற்றம் எள்ளளவும் இல்லை. சூழ்ச்சி பொற்கொல்லனுடையது, ஆணை அரசனுடையது. எனினும், தன்னை நம்பி விடப்பட்டவர்களைக் காக்க இயலவில்லையே என்று அவள் தீயில் புகுந்து மாய்ந்த செய்தியை வஞ்சிக் காண்டத்தில் மாடலன் கூறக் கேட்கிறோம்.

சிறு நகரங்களில் வரலாற்றுக் கழகம் நடத்தி, அதன் சார்பில் ஓர் அருங்காட்சியகத்தையும் ஊதியமின்றிப் பேணிவரும் எளிய மனிதர்களைப் பற்றிப் பேசுவதற்கு இவ்வளவு பெரிய சொல்லை எடுப்பது மிகையாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர்கள் காக்கும் பொருள் யாருடையது, எந்த உரிமையால் அவர்கள் அதை வைத்திருக்கிறார்கள், தம்மால் காக்க இயலாத நாளில் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள் என்னும் வினாக்களை ஆராயப் புகுந்தால், அடைக்கலம் என்னும் சொல்லைவிடப் பொருத்தமான வேறொரு சொல் கிடைப்பது அரிது.

இத்தகைய கழகங்கள் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் உண்டு. அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், மருந்துக்கடை நடத்துபவர் ஒருவர், நில அளவைத் துறையில் வேலை பார்த்துக் கல்லெழுத்துப் படிக்கத் தாமே பழகிக்கொண்டவர் ஒருவர் என நான்கைந்து பேர் கூடுகின்றனர். கிணறு வெட்டும்போது ஒரு சிலை கிடைக்கிறது. குளத்துப் படித்துறையில் துணி துவைக்கப் பயன்பட்ட கல்லைப் புரட்டிப் பார்த்தால் வீரன் ஒருவனின் உருவமும் அவன் ஆநிரை மீட்ட செய்தியும் தெரிகின்றன. இடிக்கப்படும் வீட்டின் பரணிலிருந்து ஓலைக்கட்டு ஒன்று வருகிறது. நகராட்சி மனமிரங்கி ஒழுகும் அறை ஒன்றைத் தருகிறது. ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை திறந்திருக்கும் என்று பலகை எழுதி மாட்டுகின்றனர். சாவி ஒருவரிடம் இருக்கும். அவர் மகள் வீட்டுக்குச் சென்றுவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகமும் ஊருக்குப் போய்விடும்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. அந்த அறைக்குள் நடக்கும் உழைப்பைப் பார்த்தவர்கள் கேலி செய்யமாட்டார்கள். ஓலைச்சுவடியின் ஒவ்வோர் ஏட்டையும் தூரிகையால் துடைத்து எலுமிச்சம்புல் எண்ணெய் தடவ வேண்டும். பழங்காசு கொண்டுவருபவர் பெரும்பாலும் அதைப் புளி போட்டு விளக்கிப் பளபளவென்று கொண்டுவருவார். காசின் மேலிருந்த எழுத்தில் பாதி அந்தப் புளியோடு போயிருக்கும். மழைக்காலத்தில் வெண்கலத்தின்மீது இளம்பச்சை நிறத்தில் பொடி பூக்கும். அது பாசி அன்று, உலோகத்தை உள்ளிருந்து தின்னும் நோய் என்பதைத் தெரிந்துகொள்வதற்கே சிலருக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் பொருளின் மதிப்புப் பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் ஆட்சித் தலைவருக்கு அறிவிக்க வேண்டும் என்னும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தையும், நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைப் பற்றிய 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். இவ்வளவுக்கும் கிடைக்கும் கைம்மாறு, ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மாணவர்கள் வரிசையாக வந்து எழுப்பும் இரைச்சல்தான்.

உழைப்பு உயர்ந்ததாக இருக்கலாம். உழைப்பினாலேயே உரிமை வந்துவிடுமா? பேணும் திறன் மிக்க பெரிய நிறுவனம் ஒன்று தலைநகரில் இருக்கும்போது, ஒழுகும் அறையில் ஒரு பழம்பொருளை வைத்திருப்பது அறமாகுமா? இவ்வினாவைக் கற்பனையாக எழுப்ப வேண்டியதில்லை. வங்கத்தில் உண்மையாகவே இது எழுந்தது.

பத்மா நதிக்கரையில் உள்ள ராஜசாகி அக்காலத்தில் ஒரு மாவட்டத் தலைநகர், அவ்வளவே. அங்கே 1910-இல் மூவர் கூடினர். திகாபதியா அரச குடும்பத்தைச் சேர்ந்த சரத்குமார் ராய். வழக்கறிஞராக இருந்துகொண்டே வரலாறு எழுதிய அக்ஷய குமார் மைத்ரேயர். பள்ளி ஆசிரியர் ரமாபிரசாத் சந்தா. மூவரும் அவ்வாண்டில் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் சென்று, வயல் வரப்புகளிலும் குளக்கரைகளிலும் கிடந்த 32 சிற்பங்களைத் திரட்டிக்கொண்டு திரும்பினர். ஊர்ப் பெருமக்கள் அவர்களை வரவேற்று, இவற்றை ராஜசாகியிலேயே வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினர். அவ்வாறு பிறந்ததே வரேந்திர ஆராய்ச்சிக் கழகம். வரேந்திரம் என்பது வட வங்கத்தின் பழம்பெயர். பாலர், சேனர் காலத்துக் கருங்கற் சிற்பங்கள் அம்மண்ணில் ஏராளம்.

மறு ஆண்டே சிக்கல் எழுந்தது. 1814-இல் தோன்றிய கல்கத்தா இந்திய அருங்காட்சியகம், ராஜசாகியில் திரட்டப்பட்டவை தன்னிடம் வர வேண்டும் என்று 1911-இல் கோரியது. கோரிக்கை நியாயமற்றது என்று எளிதில் தள்ளிவிட இயலாது. கல்கத்தாவில் கட்டடம் இருந்தது, வல்லுநர் இருந்தனர், நாடெங்கிலுமிருந்து அறிஞர் வந்து பார்க்கும் வசதி இருந்தது. ராஜசாகிக் கழகத்துக்கோ அன்று சொந்தமாக ஒரு கூரைகூட இல்லை. ஆயினும் கழகத்தார் விட்டுக்கொடுக்கவில்லை. வங்க ஆளுநர் கார்மைக்கேல் பிரபு 1912-இல் ராஜசாகிக்கு நேரில் வந்து பார்த்தார். அதன்பின் 1913 பிப்ரவரியில் வங்க அரசு ஒரு சுற்றறிக்கை வழியே, அந்தந்த ஊர் அருங்காட்சியகங்கள் தாம் திரட்டியவற்றைத் தாமே வைத்துப் பேணலாம் என்று இசைவு அளித்தது. 1914-இல் கழகம் முறைப்படி பதிவாயிற்று. 1916-இல் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்று, 1919-இல் திறப்பு விழாவும் நடந்தது. நிலம் சரத்குமாரின் குடும்பம் தந்தது.

சுற்றறிக்கை என்பது எவ்வளவு சிறிய காகிதம் என்பதை அலுவலகத்தில் காலம் கழிப்பவர்கள் அறிவர். நாள்தோறும் பத்து வரும். படித்துச் சுருக்கொப்பமிட்டு அடுத்த மேசைக்கு அனுப்புவோம். அத்தகைய காகிதம் ஒன்றுதான் ஒரு நிலப்பகுதியின் கற்சிலைகள் இன்று எந்த நாட்டில் நிற்கின்றன என்பதை முடிவு செய்தது. ஏனெனில், 1947-இல் ராஜசாகி கிழக்குப் பாகிஸ்தானில் அடங்கியது. 1971-இல் வங்கதேசத்தின் நகரமாயிற்று. 1911-இல் கல்கத்தாவின் கோரிக்கை வென்றிருந்தால், தன் பாட்டனார் ஏர் உழுத வயலில் கிடைத்த சிலையைக் காண ராஜசாகிச் சிறுவன் ஒருவன் கடவுச்சீட்டும் நுழைவு இசைவும் பெற்றுக் கல்கத்தாவுக்கு வரவேண்டியிருந்திருக்கும்.

வழக்கு இத்துடன் முடிந்துவிட்டது என்று நான் எண்ணியிருந்த காலம் உண்டு. பின்னர் அதன் மறுபக்கம் தெரிந்தது. பிரிவினையில் வரேந்திர மண்ணிலிருந்து வீடு வாசலை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் பல. அச்சிலைகளில் அவர்களுடைய முன்னோர் வழிபட்ட தெய்வங்களும் உண்டு. இன்று கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு ராஜசாகிக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள். ஆக, பொருள் மண்ணுக்கு உரியதா, அம்மண்ணில் வாழ்ந்து பிரிந்தவர்க்கு உரியதா? மண் என்றால் பிரிந்தவர் இழக்கின்றனர். மக்கள் என்றால் மண்ணில் எஞ்சியிருப்பவர் இழக்கின்றனர். ஊரை விட்டு வெகுதொலைவில் வந்து வாழும் நம்மைப் போன்றவர்கள் இவ்விரண்டில் எந்தப் பக்கத்தில் நின்று பேசுகிறோம் என்பதைக் கவனித்துப் பேசுவது நல்லது. நமக்கு ஊரின்மீது பற்று உண்டு. ஆனால் அவ்வூர் அறையின் ஒழுகலை அடைக்க ஞாயிறுதோறும் ஏணி ஏறுபவர் நாம் அல்லர்.

ஊர்ப்பற்று ஒன்றே காவலாகிவிடும் என்பாரை மறுக்க நம் இலக்கிய வரலாறே போதும். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, பழுதுபட்ட பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாக அவருக்குச் சொன்னார்கள். செய்தவர்கள் பகைவர் அல்லர். அவ்வூர்க் கோயிலைச் சேர்ந்தவர்களே. சாத்திரம் அவ்வாறு கூறுகிறது என்று நம்பிச் செய்தனர். பொருள் தன் சொந்த ஊரில், சொந்த மக்களின் கையில், பக்தியோடு அழிந்தது. ஏடுகளை ஊர் ஊராகத் தேடி எடுத்துச் சென்ற அந்த வெளியூர்க்காரர் இல்லாவிட்டால் சங்க நூல்களில் எவை எஞ்சியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

அதற்காகத் தலைநகர் எடுத்துக்கொண்டால் எல்லாம் நலம் என்றும் கூற இயலாது. பெரிய அருங்காட்சியகங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுவது ஒரு சிறு பகுதியே. பெரும்பகுதி கிடங்கில்தான் இருக்கிறது. சிற்றூரில் ஒரே ஒரு வீரக்கல் இருந்தால் அது அவ்வூரின் வரலாறு. நூறு வீரக்கற்கள் உள்ள கிடங்கில் அது நூற்றொன்றாவது எண். அது நின்ற இடம், நோக்கிய திசை, அருகே ஓடிய பாதை, அதைப்பற்றிக் கிழவிகள் சொன்ன கதை ஆகிய இவை வண்டியில் ஏறுவதில்லை. நம் தமிழ்நாட்டிலேயே திருட்டுக்கு அஞ்சிப் பல சிற்றூர்க் கோயில்களின் செப்புத் திருமேனிகள் திருவாரூரில் உள்ள திருமேனிக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. பாதுகாப்பாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஊரில் தேர் இருக்கிறது, தெரு இருக்கிறது, உலா வரும் மூர்த்தி கம்பிக்கதவுக்குப் பின்னால் இருக்கிறார். காவலர் மீது குறை கூற இடமில்லை. எனினும் ஏதோ ஒன்று காக்கப்படாமலே போயிற்று என்பதை எவரும் உணர்வர்.

ராஜசாகிக் கதையில் ஒரு சுவையான செய்தி உண்டு. கழகத்தின் செயலாளராக இருந்த அந்தப் பள்ளி ஆசிரியர் ரமாபிரசாத் சந்தா, பின்னாளில் 1921-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் தொல்பொருள் பிரிவுக்குக் கண்காணிப்பாளர் ஆனார். எந்த நிறுவனத்தின் கோரிக்கையை எதிர்த்துத் தம் கழகம் நின்றதோ, அந்நிறுவனத்தின் நாற்காலியிலேயே அமர்ந்தார். இதை முரண்பாடு என்று சிரிப்பவர் சிரிக்கட்டும். நான் இதில் வேறொன்றைக் காண்கிறேன். ஊரில் இருந்தபோது ஊர்ப்பொருளைக் காத்தார். தலைநகரில் இருந்தபோது அங்குள்ளவற்றைக் காத்தார். எந்த இடத்தில் நின்றாலும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டது எதுவோ அதற்கு அவர் பொறுப்பாளி. உரிமை என்று நாம் பெரிதாகப் பேசுவது, ஆராய்ந்து பார்த்தால், கணக்கு ஒப்புவிக்கும் கடமையாகவே முடிகிறது.

கணக்கு என்றேன். சிறிய அருங்காட்சியகத்தின் உயிர் அதன் கண்ணாடிப் பெட்டியில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது என்பது என் துணிபு. கோப்புகளோடு வாழ்பவன் இதைச் சொல்வதில் வியப்பில்லை என்று நண்பர்கள் நகைக்கலாம். மைய அரசு அலுவலகங்களில் ஒரு கோப்பின் வேலை முடிந்ததும் அதை ஏ, பி, சி என மூவகைப்படுத்துவோம். நிலையாக வைத்து நுண்படமும் எடுக்க வேண்டியவை ஏ. நிலையாக வைக்க மட்டும் வேண்டியவை பி. குறித்த காலம் வைத்துப் பின் கழிக்க வேண்டியவை சி. ஒரு கோப்பின்மீது அந்த ஓர் எழுத்தை எழுதுகிற எழுத்தர், பின்வரும் தலைமுறை எதை அறியும், எதை அறியாது என்று முடிவு செய்கிறார். அம்முடிவைத் தனியொருவர் மனம்போல் செய்துவிடலாகாது என்றே விதிகள் உள்ளன. 1993-ஆம் ஆண்டுப் பொதுப் பதிவேடுகள் சட்டம், 1892-க்கு முன் உண்டான எந்தப் பதிவேட்டையும், அது பயனற்றுச் சிதைந்துவிட்டது என்று ஆவணக் காப்பகத்தின் தலைமை கருதினாலன்றி, அழிக்கலாகாது என்கிறது. அரசு தன் காகிதத்துக்கே இத்தனை கட்டு விதித்துக்கொள்ளும்போது, பிறர் வீட்டுப் பொருளை வாங்கி வைப்பவர் தமக்கு எவ்வளவு கட்டு விதித்துக்கொள்ள வேண்டும்!

எந்தப் பொருள், எங்கே கிடைத்தது, யார் தந்தார், எந்நாளில், கொடையாகவா அன்றி வைத்திருக்கும்படியா, என்ன நிலையில் வந்தது ஆகிய அனைத்தும் பொருள் வாயிலைத் தாண்டும்போதே எழுதப்பட வேண்டும். எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஊர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப்பெயரும் கழகப்பெயரும் வேண்டா.

அவ்வூர்க் கழகத்தில் பித்தளைப் பூண் போட்ட மரக்கால் ஒன்று இருந்தது. அதன்மீது ஒரு குடும்பத் தலைவரின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. அக்குடும்பம் வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு வடக்கே சென்றபோது அதைக் கழகத்தில் விட்டுச் சென்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துப் பேரன் கோடை விடுமுறையில் வந்தார்.

“ஐயா, இது எங்கள் பாட்டனார் பெயர் வெட்டிய மரக்கால். அப்பா இங்கே வைத்துவிட்டுத்தான் போனார், ஒரேயடியாகக் கொடுத்துவிட்டதாக நாங்கள் நினைக்கவில்லை” என்றார்.

கழகத்தைக் கவனித்துவந்த முதிய தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டினார். ‘மரக்கால் ஒன்று, பெறப்பட்டது’ என்று இருந்தது, கீழே தேதி. அதற்குமேல் ஒன்றும் இல்லை. பெறப்பட்டது என்னும் சொல் எழுத்தர்களுக்கு மிகப் பழக்கமானது. ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சொன்னதுபோல் காட்டும் திறன் அதற்கு உண்டு.

“எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி. ஒரு கையொப்பம் மட்டும் போடுங்கள்” என்றார் பெரியவர். கொடுப்பதற்கு முன், பக்கத்துக் கடையிலிருந்து அரிசி வாங்கிவரச் செய்து அதில் தலைதட்டி அளந்து, எத்தனை லிட்டர் கொள்கிறது என்று குறித்துக்கொண்டார். மரக்காலின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். அவ்வட்டார அளவுக்கு அது ஒன்றே அங்கு எஞ்சிய சான்று. புகைப்படமும் எடுத்துக்கொண்டார்.

கழகத்து நண்பர்கள் அவரைக் கடிந்தனர். கழகச் சொத்தைத் தூக்கிக் கொடுக்க இவர் யார் என்றனர். இருபது ஆண்டுகள் எண்ணெய் தடவி, கரையான் அரிக்காமல் காத்தது யார், இத்தனை நாள் திரும்பிப் பாராதவர்கள் யார் என்றும் கேட்டனர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் காத்த செலவு காத்தவனை உடைமையாளனாக்கும் என்றால் அடைக்கலம் என்னும் சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகும். ஏட்டில் தெளிவில்லாத இடத்தில் ஐயத்தின் பயன் கொடுத்தவர்க்கே செல்ல வேண்டும். ஏனெனில் எழுத வேண்டியவர் வாங்கியவர். தலைமையாசிரியர் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் அதோடு நெஞ்சம் அமைதியுறவில்லை. அந்த மரக்காலால் அளந்தவர் ஒரு குடும்பத்தார். அளந்து கொடுத்த கூலி நெல்லைப் பெற்றவர்கள் பல குடும்பத்தார். தலைதட்டி அளந்தாரா, குவித்து அளந்தாரா என்பது அவர்களுடைய அடுப்பில் உலை ஏறுமா ஏறாதா என்பதை முடிவு செய்த செய்தி. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அவ்வூரில்தான் இருக்கிறார்கள். வடக்கே செல்ல விற்பதற்கு நிலம் இருந்தவர்கள் அல்லர். மரமும் பித்தளையும் பெயர் வெட்டியவருடையவை. அதன் நினைவு இரு தரப்பாருக்கும் பொது. கழகத்து அலமாரியில் இருந்தவரை இரு தரப்பாரும் சென்று பார்க்க இயன்றது. இப்போது அது வடக்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூடத்தில், விருந்தினர் வியக்கும் அழகுப் பொருளாக இருப்பதாகக் கேள்வி. கொடுத்தது சரி, கேட்டது சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. சட்டப்படி நமதாக இருக்கும் ஒன்றைக் கேளாமல் விடுவதும் ஒரு கொடைதான். அக்கொடையை நம்மிடம் எவரும் கேட்டுப் பெற இயலாது. நாமே அளிக்க வேண்டும்.

நம் குடும்பங்களில் பரண்மீது கிடக்கும் பெட்டிகளுக்கும் இவ்வழக்குக்கும் உறவு உண்டு. அடமானப் பத்திரம், மொய்க் கணக்கு, பினாங்கிலிருந்தோ இரங்கூனிலிருந்தோ வந்த கடிதம், யாரென்று இன்று எவர்க்கும் தெரியாத முகங்கள் நிறைந்த புகைப்படம் ஆகியவற்றை வீட்டுக்கு வீடு காணலாம். ஊரில் உள்ள கழகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று பலருக்கும் எண்ணம் வருகிறது. கொடுப்பவர் பலர், கொடுப்பதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணுகின்றனர். புகைப்படத்தில் இருப்பவர் யார் யார் என்று அத்தையிடம் கேட்டு எழுதிக் கொடுக்காமல் படத்தை மட்டும் கொடுப்பது, முகவரி இல்லாத உறையைத் தபாலில் சேர்ப்பதற்கு ஒப்பாகும். அத்தை இருக்கும்போதே கேட்க வேண்டும்.

காப்பவர் பக்கத்திலும் ஒரு நோய் உண்டு. வெண்கலத்தில் பூக்கும் பச்சைப் பொடி போல அதுவும் உள்ளிருந்து வருவது. நெடுங்காலம் ஊதியமின்றி உழைத்தவர்க்கு, இது என்னால் உண்டானது, என்னுடையது என்னும் எண்ணம் மெல்லத் தலைதூக்கும். இளைஞர் ஒருவர் ஓலையைப் படம் எடுக்க இசைவு கேட்டால், நான் எழுதி முடித்தபின் பார்க்கலாம் என்பார். எழுதி முடிக்கவும் மாட்டார். சாவியை மற்றொருவரிடம் தர மனம் வராது. பதிவேடு தம் நினைவிலேயே இருப்பதாகப் பெருமையாகச் சொல்வார். இவர் திருடர் அல்லர். ஒரு காசும் எடுத்தவர் அல்லர். ஆயினும் அடைக்கலப் பொருளை உடைமையாக எண்ணத் தொடங்கிவிட்டார்.

அன்பு மிகுந்தால் இந்நோய் வரும் என்பதுதான் கட்டாயம் என்று எண்ணவேண்டியதில்லை. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா செட்டியார், 1950-ஐ ஒட்டித் தொடங்கி, பழைய புத்தகக் கடைகளிலும் வீடுகளிலும் தேடித் தேடித் தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். ஆராய்ச்சியாளர்கள் அவருடைய வீட்டுக்கே சென்று பயன்படுத்திக்கொண்டனர். அவர் 1992-இல் மறைந்தார். தனி ஒருவரின் தோளில் நின்ற அத்தொகுப்பை அவருக்குப்பின் குடும்பத்தார் எவ்வாறு தாங்க முடியும்? சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைகொடுத்து வாங்கியது. வாங்கியும் கடல் கடத்தாமல் இந்நாட்டிலேயே விட்டது. 1994-இல் சென்னையில் அவர் பெயராலேயே நூலகம் அமைந்தது. கோட்டையூர் அதை இழந்தது, தமிழ் இழக்கவில்லை. கோட்டையூருக்கு நேர்ந்த இழப்பைச் சிறிது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அயலார் ஒருவர் விலைகொடுத்து வாங்கிய பின்னும் அதைத் தம் உடைமையாக நடத்தாமல் அடைக்கலமாக நடத்தினார் என்பதைக் குறிக்காமல் செல்லவும் இயலவில்லை.

ஆக, கழகம் தொடங்கும் நாளிலேயே கழகம் முடியும் நாளைப்பற்றியும் பேசியாக வேண்டும். மங்கலமான வேளையில் இதை எவரும் பேச விரும்புவதில்லை. சட்டம் மட்டும் கூச்சப்படவில்லை. நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கழகங்கள் பதிவாகும் 1860-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதினான்காம் பிரிவு ஒன்று உண்டு. சங்கம் கலைந்தால், கடன் தீர்ந்தபின் எஞ்சும் சொத்தை உறுப்பினர் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளலாகாது. வேறொரு சங்கத்துக்கே தர வேண்டும். எந்தச் சங்கம் என்பதை, வந்திருக்கும் உறுப்பினரில் ஐந்தில் மூன்று பங்கினர்க்குக் குறையாதவர் வாக்களித்து முடிவு செய்ய வேண்டும். இப்பிரிவைப் படிக்கும்போதெல்லாம், ஆங்கிலேயர் எழுதிய வறண்ட சட்டத்துக்குள் மாதரியின் நினைவு எப்படியோ புகுந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் கலையும் தறுவாயில் வாக்களிக்க ஐந்து பேராவது கூட்டத்துக்கு வரவேண்டுமே! அதற்கு முன்னமே, கை கால் திடமாக இருக்கும்போதே, அடுத்த கை எது என்று தீர்மானம் இயற்றி எழுதி வைப்பதே முறை.

ராஜசாகியில் மைத்ரேயர் 1930-இல் மறைந்தார், சந்தா 1942-இல், சரத்குமார் 1946-இல். அடுத்த ஆண்டே நாடு பிரிந்தது. புரவலர் குடும்பங்கள் சிதறின, பணம் வற்றியது, கழகம் நலிந்தது. ஊரில் 1953-இல் ஒரு பல்கலைக்கழகம் தோன்றியிருந்தது. 1964 அக்டோபரில் கட்டடமும் சிலைகளும் ஏடுகளும் அப்பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அருங்காட்சியகம் அதே ஊரில், அதே பெயரில் இன்றும் இருக்கிறது.